கல்லூரி நூலகத்துக்கு எந்தத் தேடுபெட்டி? ஓபேக், விஃபைண்ட், டிஸ்கவரி சந்தா, கூகுள் ஸ்காலர்

போன ஜூலையில் முதுகலைத் தமிழ் மாணவி ஒருத்தி கவுண்டருக்கு வந்து, "மேடம், நம்ம லைப்ரரியில சிலப்பதிகாரம் இல்லையா?" என்று கேட்டாள். ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், தமிழில் தட்டியிருக்கிறாள். முடிவு எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. அவள் முதுகுக்குப் பின்னால் ஆறடி தள்ளி, உரையோடும் உரையில்லாமலும் பதினோரு பிரதிகள் ரேக்கில் நின்றுகொண்டிருந்தன.

உதவியாளர் அண்ணன் பதிவுகளைத் திறந்து காட்டினார். ஐந்து பதிவுகள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பட்டியலிலிருந்து இறக்கியவை. அங்கே தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் எழுத ஒரு முறை உண்டு. அதன்படி இந்தத் தலைப்பு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தில் தொடங்கும், நெடிலுக்கு மேலே கோடும் இருக்கும். மற்ற ஆறும் கணினிமயமாக்கிய காலத்தில் ஒப்பந்தத்துக்கு வந்த பையன்கள் 'எஸ்' போட்டுக் காதில் விழுந்தபடி தட்டியவை. அதிலும் இரண்டு பேர் இரண்டு விதம். தமிழ் எழுத்தில் ஒன்றுகூட இல்லை.

அதே வாரம் நிர்வாகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: 'நாக் குழு வருகிறது, டிஸ்கவரி சாஃப்ட்வேர் வாங்கலாமா, விலைப்புள்ளி வாங்கி வையுங்கள்.' நாக் என்பது கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் அமைப்பு. புத்தகம், ஆய்விதழ்க் கட்டுரை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடித் தருவதைத்தான் டிஸ்கவரி என்கிறார்கள். நாலைந்து கல்லூரி நூலகர்களிடம் பேசிப் பார்த்தேன். எல்லார் மேசையிலும் இதே கேள்விதான் கிடக்கிறது. இருக்கும் ஓபேக்கே போதுமா, மேலே இலவச மென்பொருள் ஒன்றைப் போடலாமா, சந்தா கட்டி வாங்கலாமா, 'எல்லாம் கூகுள் பார்த்துக்கும்' என்று விட்டுவிடலாமா? ஏறத்தாழ ஒரு வருடம் இதிலேயே உழன்றதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே இருக்கும் பதிவில் இல்லாததை அது கண்டுபிடிக்காது.

## எதை வைத்து அளப்பது

விலையில் தொடங்காதீர்கள். விலையில் தொடங்கினால் இலவசம் ஜெயிக்கும், அல்லது நிர்வாகத்துக்குப் பிடித்த கம்பெனி ஜெயிக்கும். நான் ஆறு கேள்விகள் வைத்துக்கொண்டேன்.

தமிழில் தேடினால் கிடைக்கிறதா? எங்கள் புத்தகங்களில் பாதிக்கு மேல் தமிழ். இதில் தோற்கிற கருவி மற்ற ஐந்திலும் ஜெயித்தாலும் எங்களுக்குப் பயனில்லை. பொறியியல் கல்லூரிக்கு இந்தக் கேள்வியே தேவைப்படாது.

எதையெல்லாம் தேடுகிறது? அச்சுப் புத்தகம் மட்டுமா, ஆய்விதழ்க் கட்டுரை வரைக்குமா, நம் கல்லூரியின் ஆய்வேடுகளும் பழைய வினாத்தாள்களும் உண்டா?

கிடைத்ததைத் திறக்க முடிகிறதா? தலைப்பு வந்து, அழுத்தினால் '40 டாலர் கட்டு' என்று நின்றால் மாணவர் அடுத்த முறை வரமாட்டார். விடுதியிலிருந்து, மொபைலில் திறக்கிறதா என்பதும் இதற்குள் அடங்கும்.

யார் பார்த்துக்கொள்வது? இதுதான் உண்மையான விலை. வாங்குவதற்குக் காசு வந்துவிடும், ஆள் வராது.

மூன்றாம் வருடம் என்ன செலவு? முதல் வருடச் சலுகை எல்லாரும் தருவார்கள்.

விட்டு வெளியேறினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

இன்னொன்று. வழியைத் தேர்வதற்கு முன்னால் உங்கள் வாசகர்கள் எதைத் தேடித் தோற்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் ஓபேக்கை ஓட்டும் கோஹா என்ற நூலக மென்பொருளில் தேடல் வரலாற்றைச் சேமிக்கும் வசதியை இயக்கினால், உள்நுழைந்து தேடுபவர்கள் தட்டிய சொல்லும் கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கையும் ஒரு அட்டவணையில் விழும். எண்ணிக்கை பூஜ்யமாக உள்ளவற்றை மட்டும் அறிக்கையாக எடுக்கலாம். நாங்கள் அதைப் 'பூஜ்யப் பட்டியல்' என்று சொல்கிறோம். இரண்டு மாதப் பட்டியலை அச்செடுத்துப் பேனாவோடு உட்கார்ந்தேன். நம்மிடம் இல்லாத புத்தகம், இருந்தும் கிடைக்காத புத்தகம், கட்டுரையின் தலைப்பு என்று மூன்றாகப் பிரித்தேன். நடுவில் இருந்த குவியல்தான் பெரிதாக இருந்தது. அது தலைகீழாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவும் வேறாகியிருக்கும்.

## முதல் வழி: இருக்கும் ஓபேக்கைச் சரிசெய்வது

பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பது கோஹா அல்லது பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்கான மத்திய அரசு மையமான இன்ஃப்லிப்நெட்டின் சோல். கோஹா 1999இல் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற பயத்தில் எழுதி, 2000 ஜனவரியில் ஓடவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு, பேருக்கேற்றபடி இலவசம்.

ஓபேக் தமிழில் தடுமாறும்போது நாம் உடனே மென்பொருளைத் திட்டுகிறோம். பாதிக் குற்றம் அதன்மேல்தான். கோஹாவின் வழக்கமான சொல்லடைவு எந்திரமான ஜீப்ரா, நிறுவும்போது யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைக்கப்படாவிட்டால் ரோமன் அல்லாத எழுத்துகளில் தகராறு செய்யும். உங்கள் சர்வரை நிறுவியவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வேண்டுமென்றால் ஜீப்ராவுக்குப் பதில் எலாஸ்டிக்சர்ச் என்ற வேறொரு எந்திரத்தையும் பொருத்தலாம்.

மீதிப் பாதி தமிழின் எழுத்து வழக்கிலும் நம் தட்டச்சிலும் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்த விற்பனையாளரும் இதைச் சொல்லமாட்டார்.

ஔவையார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஔ' ஒரே எழுத்து. ஆனால் அவசரத்தில் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுகிறவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். 'ஸ்ரீ'யும் அப்படித்தான். 'ஸ'வை வைத்தும் எழுதலாம், கிரந்த 'ஶ'வை வைத்தும் எழுதலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அப்புறம் ராமாயணம், இராமாயணம். ராஜராஜன், இராசராசன். தமிழிலக்கிய வரலாறு, தமிழ் இலக்கிய வரலாறு. புத்தக அட்டையில் உள்ளபடி பதிவது பட்டியலாக்கத்தின் விதி. மாணவர் அட்டையைப் பார்த்துவிட்டா தேடுகிறார்?

புள்ளி ஒரு தனி வில்லங்கம். முன்பகுதியை மட்டும் தட்டினாலும் மீதியைத் தானே சேர்த்துத் தேடும் வசதி கோஹாவில் உண்டு. 'பாடல்' என்று தட்டினால் 'பாடல்கள்' வந்துவிடும். 'பாடலின்', 'பாடலும்' வராது. காரணம், கணினியின் உள்ளே 'ல்' என்பது 'ல'வும் புள்ளியும். 'லி' என்பது 'ல'வும் இகரக் குறியும். புள்ளியோடு தேடினால் புள்ளி உள்ளது மட்டும்தான் பொருந்தும். கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'பாடல' என்று தட்டிப் பாருங்கள், எல்லாம் வரும். எங்கள் ஓபேக் பக்கத்தின் மேலேயே இந்த ஒரு வரியை எழுதி ஒட்டினோம். செலவு ஒன்றுமில்லை, பலன் அன்றைக்கே தெரிந்தது.

சரி, பதிவுகளை எப்படித் திருத்துவது? நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் 21இல் அதற்கு இடம் தயாராக இருக்கிறது; ஒவ்வொரு விவரத்துக்கும் எண் போட்ட ஒரு புலம் உண்டு. ரோமன் தலைப்பு 245இல் இருந்தால் தமிழ் எழுத்தில் அதையே 880இல் கொடுக்கலாம். வேறு வடிவங்களில் தேடப்படும் தலைப்பை 246இல் போடலாம். ஆசிரியர் பெயருக்கு அத்தாரிட்டி கோப்பு வைத்து, 'முருகேசன், சு.', 'சு. முருகேசன்' எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் 'இதைப் பார்க்க' என்று கட்டிவிட்டால், அந்த வடிவங்களையும் தேடலில் சேர்த்துக்கொள்ள கோஹாவில் ஓர் அமைப்பு இருக்கிறது. நாங்கள் எல்லாப் புத்தகத்தையும் தொடவில்லை. பூஜ்யப் பட்டியலில் வந்தவை, பாடத்திட்டத்தில் உள்ளவை, அதிகம் இரவல் போனவை, இந்த வரிசையில் போனோம். கோடை விடுமுறையில் இரண்டு தமிழ்த்துறை மாணவர்கள் மதியம்வரை உட்கார்ந்து தட்டினார்கள். ஒரு பக்கத்தில் எழுத்து விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். அதில் முதல் விதி 'ஒளவை அல்ல, ஔவை.' எழுத்தின் அளவைப் பெரிதாக்கி அச்சிட்ட பிறகுதான் வித்தியாசம் அவர்கள் கண்ணில் பட்டது.

மறைந்திருக்கும் செலவு: உழைப்பு. மென்பொருளுக்குப் பணமில்லை என்பதால் இதை 'இலவசம்' என்று நிர்வாகம் நினைக்கும். தட்டச்சு நேரம், சரிபார்க்கும் நேரம், சர்வரைப் பராமரிக்கிறவருக்கு ஆண்டுக் கட்டணம், எல்லாம் உண்டு. இன்னொரு வருத்தம், இந்த வேலையைப் படம்பிடித்து அறிக்கையில் போட முடியாது.

எது முடியாது: கட்டுரை அளவில் தேட முடியாது. ஆய்விதழின் பெயர் ஓபேக்கில் இருக்கும், உள்ளே உள்ள கட்டுரை இருக்காது. ஆய்வு மாணவர்கள் அதிகமுள்ள இடத்தில் இது பெரிய ஓட்டை.

எப்போது இதுவே நல்லது: அச்சுப் புத்தகம் அதிகம், தமிழ் அதிகம், மின்வளம் குறைவு, கணினி தெரிந்த ஆள் அரை ஆள்தான் என்றால். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், மற்ற மூன்று வழிகளில் எதற்குப் போவதென்றாலும் இதைக் கொஞ்சமாவது செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

## இரண்டாம் வழி: மேலே விஃபைண்ட்

ஓபேக்கைத் தொடாமல், அதன் பதிவுகளைத் தினமும் எடுத்து வேறொரு தேடல் எந்திரத்தில் போட்டு, புதிய முகப்பு வைப்பது இந்த முறை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பிறந்த விஃபைண்ட் இதில் பிரபலம். முதல் முழுப் பதிப்பு 2010இல் வந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளாக்லைட்டும் இதே இனம். இரண்டுக்கும் அடியில் ஓடுவது அப்பாச்சி சோலார் என்ற தேடல் எந்திரம். பிளாக்லைட்டுக்கு ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரலாக்கச் சட்டகம் தெரிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் நம் கல்லூரிச் சம்பளத்துக்கு நிற்கமாட்டார் என்பதால் விஃபைண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது பிஎச்பி மொழியில் எழுதியது.

இதன் பெரிய லாபம், பல இடத்துப் பதிவுகளை ஒரே பெட்டிக்குள் கொண்டுவரலாம். கோஹாவின் புத்தகம், டிஸ்பேஸ் என்ற மின்சேமிப்பகத்தில் கிடக்கும் நம் ஆய்வேடு, ஓலைச்சுவடி ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அது, எல்லாவற்றையும் ஓஏஐ-பிஎம்ஹெச் நெறிமுறை வழியாக அள்ளிக்கொள்ளும். இடது பக்கம் ஆண்டு, மொழி, ஆசிரியர் என்று வடிகட்டிகள் வரும். புத்தகம் ரேக்கில் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்பதை கோஹாவிடம் அப்போதே கேட்டுச் சொல்லும்.

தமிழுக்கு இங்கே கை நிறைய இடமுண்டு. சோலாரில் ஒருபொருள் சொற்களுக்கு ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 'ராமாயணம், இராமாயணம்' என்று ஒரு வரி எழுதினால் போதும், எதைத் தட்டினாலும் இரண்டும் வரும். பதிவுகளைத் திருத்தாமலே ஆயிரம் புத்தகத்துக்குப் பலன். பூஜ்யப் பட்டியலை எடுத்து இந்தக் கோப்பை வாரம் ஐந்து வரி வளர்க்கலாம். வேர்ச்சொல்லைப் பிரிக்கும் ஸ்னோபால் தொகுப்பில் தமிழும் இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்காதீர்கள். வேண்டாத இடத்தில் வெட்டிவிட்டால் சம்பந்தமில்லாத முடிவுகள் முன்னால் வந்து நிற்கும். உங்கள் தலைப்புகள் நூறை வைத்துச் சோதித்த பிறகு செய்யுங்கள்.

எங்கள் கணினித்துறை மாணவர் ஒருவர் திட்டப்பணியாக இதைப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் நிறுவிக் காட்டினார். மூன்று வாரம் பிடித்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. மே மாதம் அவர் படிப்பு முடிந்து போய்விட்டார். ஜூனில் நாங்கள் கழித்துக்கட்டிய புத்தகங்கள் கோஹாவிலிருந்து போய்விட்டன, விஃபைண்டில் மட்டும் அப்படியே நின்றன. நீக்கிய பதிவுகளை அங்கேயும் நீக்கும் இரவுநேர வேலையை அவர் ஏற்பாடு செய்திருக்கவில்லை. ஒரு பேராசிரியர் அப்படி ஒரு புத்தகத்தை விஃபைண்டில் பார்த்துவிட்டு வந்து, நாங்கள் நாள்முழுக்கத் தேடிய பிறகுதான் இது தெரிந்தது. தப்பு மாணவர்மேல் இல்லை. எழுதி வாங்காமல் ஓடவிட்டது நான்.

மறைந்திருக்கும் செலவும் இந்தக் கதையிலேயே இருக்கிறது. தனி சர்வர், ஜாவாவுக்குத் தாராளமான நினைவகம், தினசரி ஒத்திசைவு, கோஹாவுக்கு ஒன்று விஃபைண்டுக்கு ஒன்று என இரண்டு மேம்படுத்தல்கள், ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் பதிவுகளை முழுதாக மறுபடி அடைவு செய்வது. கட்டுரை அளவுத் தேடல் இதிலும் தானாக வராது. சந்தா டிஸ்கவரி சேவை வைத்திருந்தால் அதை இதன் வழியாக இணைத்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

எப்போது நல்லது: சொந்தமாக மின்சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு, அல்லது ஒரே அறக்கட்டளையின் கீழ் ஐந்தாறு கல்லூரிகள் சேர்ந்து ஒரு சிஸ்டம் அட்மினை வைத்துக்கொள்ள முடிகிறவர்களுக்கு. ஒரு கல்லூரி, ஒரு நூலகர், ஒரு உதவியாளர் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

## மூன்றாம் வழி: சந்தா கட்டும் டிஸ்கவரி

முன்பு 'கூட்டுத் தேடல்' என்று ஒன்று இருந்தது. நாம் ஒரு சொல்லைத் தட்டினால், அது பத்துத் தரவுத்தளங்களிடம் போய் அப்போதே கேட்டு, மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டு வரும். அதை மாற்றியது மைய அடைவு. பதிப்பகங்களிடமிருந்து கட்டுரை விவரங்களை முன்கூட்டியே வாங்கி ஒரே இடத்தில் குவித்துவிட்டால் தேடல் நொடியில் முடியும். 2009இல் சம்மன் என்ற சேவை வந்தது, 2010இல் எப்ஸ்கோ டிஸ்கவரி சர்வீஸ். இன்னொரு பெரிய பெயர் பிரைமோ. சம்மனும் பிரைமோவும் இன்று ஒரே குடைக்குள் இருக்கின்றன; அவற்றை வைத்திருந்த ப்ரோக்வெஸ்ட்டை 2021இல் கிளாரிவேட் வாங்கிவிட்டது. ஆக, மூன்று கொட்டேஷன் வாங்கினாலும் உண்மையில் போட்டி இரண்டு பேருக்குள்தான்.

கட்டுரைத் தேடலில் இவற்றுக்கு ஈடு மற்ற மூன்று வழிகளில் இல்லை. தலைப்பு, சுருக்கம், பல இடங்களில் முழுப் பாடமும் அடைவில் இருக்கும். உங்கள் சந்தாவில் உள்ளதை மட்டும் காட்டு என்று வடிகட்டலாம். அழுத்தினால் லிங்க் ரிசால்வர் கட்டுரைக்கே கொண்டுபோய் விடும்.

டெமோவுக்கு வந்த ஒருவர், கம்பெனிப் பெயர் வேண்டாம், பருவநிலை மாற்றம் பற்றி ஆங்கிலத்தில் தட்டி, லட்சக்கணக்கில் முடிவு வந்ததும் எங்கள் முதல்வரைப் பெருமையோடு பார்த்தார். நான் எழுந்து, "சார், 'நாட்டுப்புறப் பாடல்' என்று தமிழில் ஒருமுறை தட்டுங்கள்" என்றேன். மூன்று வந்தன. இரண்டு எங்கள் ஓபேக்கிலிருந்து அவர்களே ஏற்றிய மாதிரிப் பதிவு. "உள்ளடக்கம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருக்கு மேடம்" என்றார். இருக்கலாம். தமிழ் ஆய்விதழ்களின் கட்டுரை விவரம் எங்காவது ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருந்தால்தானே அவராலும் அடைவில் சேர்க்க முடியும்?

இதில் மறைந்திருக்கும் செலவுகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். விலை பெரும்பாலும் டாலரில், மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. ரூபாய் சரிந்தால் உங்கள் பட்ஜெட்டும் சரியும். எந்த இதழ், எந்த ஆண்டு முதல் நம்மிடம் உண்டு என்ற பட்டியலை நாம்தான் டிக் அடித்துப் பராமரிக்க வேண்டும். அது ஒரு வருடம் பழசானால் பாதி இணைப்பு முட்டுச்சுவரில் போய் நிற்கும். நம் மார்க் பதிவுகளையும் அவ்வப்போது ஏற்ற வேண்டும். முதல் வழியில் சொன்ன அழுக்குப் பதிவுகள் இங்கே ஏறினால், கோடிக்கணக்கான ஆங்கிலக் கட்டுரைகளுக்கு அடியில் நம் தமிழ்ப் புத்தகம் இன்னும் ஆழமாகப் புதைந்துபோகும். வெளியேறும் நாளில் கையில் மிஞ்சுவது நாம் கொடுத்த மார்க் கோப்பு மட்டும்தான். அடைவு அவர்களுடையது.

அடைவில் எல்லாம் இருக்கிறது என்பதும் முழு உண்மையல்ல. தரவுத்தளம் விற்கிற கம்பெனிகளே டிஸ்கவரியும் விற்பதால், ஒருவர் தன் விவரங்களைப் போட்டியாளருக்குக் கொடுக்கத் தயங்கிய கதை நெடுநாள் ஓடியது. யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று நூலகத் தகவல் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நைசோ அமைப்பு 2014இல் ஒரு பரிந்துரை ஆவணமே வெளியிட வேண்டியிருந்தது. எனவே நீங்கள் சந்தா கட்டும் ஒவ்வொரு தரவுத்தளத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்து, எது தலைப்பு அளவில், எது முழுப் பாட அளவில் அடைவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

அரசு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து நிலைமை மாறியிருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. இதழே இல்லாமல் இருந்த இடத்தில் திடீரென்று இவ்வளவு வந்து விழும்போது, அதில் தேட ஒரு நல்ல பெட்டி வேண்டும் என்பது நியாயமான வாதம். தனியார், சுயநிதிக் கல்லூரிகள் இதில் இல்லை. பெரும்பாலும் இன்ஃப்லிப்நெட் கல்லூரிகளுக்குத் தரும் மின்வளத் தொகுப்பான என்-லிஸ்ட்தான் அவர்களிடம் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு டிஸ்கவரி வாங்குவது, சைக்கிளை நிறுத்த மாடி கார் ஷெட் கட்டுவது போல.

எப்போது நல்லது: மருத்துவ, பொறியியல் கல்லூரி அல்லது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்; ஏழெட்டுத் தரவுத்தளங்களுக்குச் சொந்தக் காசில் சந்தா; மின்வளத்துக்கென்றே ஒரு தனி நூலகர். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

## நான்காம் வழி: கூகுள் ஸ்காலரும் பொதுத் தளங்களும்

நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாணவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடலான ஸ்காலர் 2004 நவம்பரில் வந்தது; திறந்து தட்டத் தொடங்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை. மொபைலில் ஓடும். லிங்க் ரிசால்வர் வைத்திருக்கும் நூலகம் தன் இதழ்ப் பட்டியலைக் கொடுத்தால், முடிவுகளுக்குப் பக்கத்தில் அந்த நூலகத்தின் இணைப்பும் தெரியும். மாணவர் அமைப்புகளுக்குள் போய் ஐந்து நூலகங்கள்வரை சேர்த்துக்கொள்ளலாம். வளாகத்துக்கு வெளியிலிருந்து திறக்க இன்ஃப்லிப்நெட்டின் இன்ஃபெட் என்ற உள்நுழைவு வசதி இருக்கிறது.

ரேக்கில் உள்ள புத்தகம் அதற்குத் தெரியாது. தரம் குறைந்த, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழ்களையும் நல்ல இதழ்களையும் ஒரே வரிசையில் காட்டும். யார் எதைத் தேடினார்கள் என்று நமக்கு எண்ணிக்கை தராது, எனவே பூஜ்யப் பட்டியலும் இல்லை.

தமிழ் வளத்துக்கு ஸ்காலரைத் தாண்டிப் போக வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் தளம், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பொதுவாக இந்தியத் தேசிய டிஜிட்டல் நூலகம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெட்டி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய பிடிஎஃப் என்றால் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான். எந்தத் தேடலிலும் அது சிக்காது. ஒரு பக்கத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இதன் மறைமுகச் செலவு வகுப்பு நேரம். செமஸ்டருக்கு இரண்டு மணி நேரமாவது உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்காவிட்டால், 'கூகுள் இருக்கே' என்பது 'முதல் பக்கத்தில் வந்ததே போதும்' என்று ஆகிவிடும்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஓபேக்கைச் சீர்செய்தல் | விஃபைண்ட் | சந்தா டிஸ்கவரி | ஸ்காலரும் பொதுத் தளங்களும் |
|---|---|---|---|---|
| தமிழ்த் தேடல் | உழைத்தால் நன்று | மிக நன்று, கோப்பை வளர்த்தால் | பலவீனம் | தளத்துக்குத் தளம் மாறும் |
| கட்டுரை அளவு | இல்லை | தானாக இல்லை | மிக நன்று | நன்று |
| அச்சுப் புத்தகம் | உண்டு | உண்டு | உண்டு, ஏற்றினால் | இல்லை |
| ஆள் தேவை | பட்டியல் தெரிந்தவர் | சிஸ்டம் அட்மின் | மின்வள நூலகர் | சொல்லிக்கொடுப்பவர் |
| மூன்றாம் வருடச் செலவு | குறையும் | அப்படியே நிற்கும் | ஏறும் | வகுப்பு நேரம் மட்டும் |
| வெளியேறினால் மிஞ்சுவது | திருத்திய பதிவுகள் | பதிவுகளும் சொற்கோப்பும் | கொடுத்த மார்க் மட்டும் | பழக்கம் |

## டெமோவுக்கு முன் கையில் வைத்திருக்க வேண்டிய தாள்

எந்த வழிக்குப் போனாலும் இந்த எட்டையும் தட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் கையால் அல்ல, மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கையால், அவர் மொபைலில்.

1. ஔவையார், ஒளவையார்: இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை வருகிறதா?
2. ராமாயணம், இராமாயணம்.
3. தமிழிலக்கிய வரலாறு, பிறகு இடைவெளி விட்டு.
4. 'கல்', பிறகு 'கல'. புள்ளியை மதிக்கிறதா, விழுங்கிவிடுகிறதா?
5. முன்னெழுத்து முன்னால் வைத்து ஓர் ஆசிரியர், பின்னால் வைத்து அதே ஆசிரியர்.
6. சிலப்பதிகாரம் தமிழில், ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டு, மூன்றாம் எழுத்தைப் போட்டு.
7. உங்கள் பேராசிரியர் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பு. திறக்கும்வரை எத்தனை அழுத்தல் என்று எண்ணுங்கள்.
8. நேற்று கழித்துக்கட்டிய ஒரு புத்தகம். இன்னும் தெரிகிறதா?

எங்கள் கல்லூரிக்கு இப்போதைக்கு முதல் வழியும் நான்காம் வழியும். தமிழ்ப் பதிவுகளில் பாடத்திட்டப் பகுதி முடிந்துவிட்டது. கவிதை ரேக்கில் பாதி வரை வந்திருக்கிறோம். ஸ்காலர் வகுப்பை முதலாண்டு மாணவர்களின் அறிமுக வாரத்திலேயே சேர்த்துவிட்டோம். விஃபைண்டை விட்டுவிடவில்லை, எங்கள் அறக்கட்டளையின் மற்ற இரண்டு கல்லூரிகளும் பாதிச் சம்பளம் போட்டு ஓர் ஆளை வைக்கச் சம்மதித்தால் மறுபடி பேசுவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிஸ்கவரிக்கான விலைப்புள்ளி கோப்பில் இருக்கிறது. நாக் குழு கேட்டால் அதோடு பூஜ்யப் பட்டியலையும் காட்டுவதாக முதல்வரிடம் சொன்னேன். "அதைக் காட்டணுமா மேடம்?" என்றார். ஜூலையில் எடுத்ததையும் இப்போது எடுத்ததையும் சேர்த்தே காட்டலாம் சார் என்றேன்.